ஆணி அடிக்காத அலுமாரி

கற்பிட்டிக் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து, தான் நிற்கும் பலகையையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அப்படியிருக்க, எங்கள் உம்மம்மாவின் அலுமாரி மூன்று தலைமுறையாக ஆடாமல் நிற்கிறதே, எப்படி? ராத்தாவின் கலியாணத்துக்கு அதை விற்றுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்த பிறகுதான் அதனுள்ளே தலையை விட்டுப் பார்த்தேன்.

சட்டங்கள் சேரும் இடங்களில் ஆணியே இல்லை. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்கி, மற்றதில் தோண்டிய துளைக்குள் இறுக்கி, குறுக்கே மரமுளை அடித்திருக்கிறார்கள். கதவுப் பலகையை ஒட்டவும் இல்லை. சட்டத்தின் உட்புறத் தவாளிப்பில் சும்மா செருகியிருக்கிறார்கள். ஈரம் ஏறினால் பலகை அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நான்கு பக்கமும் இறுக்கி ஒட்டினால் மாரியில் பிதுங்கி, கோடையில் வெடிக்கும். செருகிய பலகைக்கோ அசைய இடமுண்டு.

இந்த முறையை உச்சத்துக்குக் கொண்டு போனவர்கள் சீனத் தச்சர்கள். மிங் அரசர் காலத்தில் (1368–1644) உருவான ஒரு வகை அலுமாரி அடியில் அகன்று, மேலே சற்று ஒடுங்கும். அதற்கு உலோகப் பிணைச்சல் கிடையாது. கதவுச் சட்டத்தின் மேல் நுனியும் கீழ் நுனியும் முளைகளாக நீண்டு துளைகளில் சுழலும். சாய்வாக நிற்பதால் திறந்த கதவு தன் பாரத்திலேயே மெல்ல மூடிக்கொள்ளும்! சித்திர வேலை அதிகமில்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

நமது அலுமாரி வேறு வழியாக வந்தது. பெயர் போர்த்துக்கேயர் தந்தது. 1667இல் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டத் தொடங்கிய ஒல்லாந்தர் தங்கள் நாட்டு வடிவங்களைக் கொண்டு வந்தனர். செய்தவர்கள் உள்ளூர்த் தச்சர்கள். மரம் பலா, முதிரை, கருங்காலி. கொழும்பு பிரின்ஸ் வீதியிலுள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகத்தில் அக்காலத் தளபாடங்களைப் பார்க்கலாம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு எங்கள் பக்கம் வந்தவர்களின் வீடுகளில் இப்படியொன்றைத் தேடாதீர்கள். கையில் தூக்க முடிந்ததைத்தானே அவர்கள் கொண்டு வந்தார்கள்.

பழைய சாமான் வாங்க வருபவர்கள் வெளிப் பளபளப்பைப் பார்ப்பதில்லை. கதவைத் திறந்து மூட்டுகளைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். விலை பேச முன் பெற்றோரும் அதையே பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும், பிறகு திருகாணி பிடிக்காது. எங்கள் அலுமாரியின் பின்பக்கத்தில் ஒரு சாண் அளவு கறையான் அரித்திருக்கிறது. முளைகளைத் தட்டிக் கழற்றி அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம், அரை நாள் வேலை என்கிறார் ஓடாவி.