சுடாத துப்பாக்கிக்கு 55 ஆண்டு

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், 2004 நவம்பரில் ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தண்டனை விதித்தார் கூட்டாட்சி நீதிபதி பால் கேசல். மூதாட்டி ஒருவரைக் கட்டையால் அடித்துக் கொன்றவருக்கு 22 ஆண்டு. போலீஸ் உளவாளியிடம் மூன்று முறை கஞ்சா விற்ற வெல்டன் ஏஞ்சலோசுக்கு 55 ஆண்டு.

ஏஞ்சலோஸ் யாரையும் சுடவில்லை. விற்பனையின்போது காரிலும் கணுக்கால் உறையிலும் துப்பாக்கியைப் பார்த்ததாக உளவாளி சொன்னார்; வீட்டைச் சோதனையிட்டபோதும் துப்பாக்கிகள் சிக்கின. அது போதுமானதாக இருந்தது. இந்தத் தண்டனை கொடூரமானது, அநியாயமானது என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டுத்தான் கேசல் அதை விதித்தார். சட்டம் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை.

அந்தச் சட்டம் கூட்டாட்சிக் குற்றவியல் தொகுப்பின் 924(சி) பிரிவு. 1968இல் வந்தது. போதைப்பொருள் குற்றத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 5 ஆண்டு, அதைக் காட்டி மிரட்டினால் 7, சுட்டால் 10, அது இயந்திரத் துப்பாக்கியாக இருந்தால் 30. நம் நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்ற சலுகை இங்கே கிடையாது. போதைப்பொருள் தண்டனை முடிந்த பிறகே இது தொடங்கும். ஏஞ்சலோஸ் காலத்தில், ஒரே வழக்கில் இரண்டாவது துப்பாக்கிக் குற்றச்சாட்டு வந்தாலே 25 ஆண்டு. 5, 25, 25: கூட்டிப் பாருங்கள்.

துப்பாக்கியை வெறுமனே வைத்திருப்பது ‘பயன்படுத்துவது’ ஆகாது என்று 1995இல் பெய்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, குற்றத்துக்கு உதவும்படி வைத்திருப்பதையும் அதில் சேர்த்துவிட்டது.

இந்தப் பிரிவைச் சுமத்தாவிட்டாலும் துப்பாக்கி விடாது. தண்டனை வழிகாட்டு நெறிகளின்படி குற்றத்தின் தீவிரம் இரண்டு படி ஏறும். இதற்கு ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. ஆயுதத்துக்கும் குற்றத்துக்கும் தொடர்பிருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தால்தான் விலக்கு. பெரிய குற்றப் பின்னணி இல்லாதவர்கள் கட்டாயக் குறைந்தபட்சத் தண்டனையிலிருந்து தப்ப உதவும் விதிவிலக்கும், குற்றத்தோடு தொடர்புடைய துப்பாக்கி இருந்தால் கைநழுவிப்போகும்.

எந்தப் பிரிவில், எத்தனை குற்றச்சாட்டு என்பதை முடிவு செய்பவர் அரசு வழக்கறிஞர். அதனால் தண்டனையின் பெரும்பகுதியை உண்மையில் எழுதுபவர் அவர்தான். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கும் பேரத்தில் இதைவிடப் பெரிய பிடி அவருக்கு வேண்டியதில்லை.

ஏஞ்சலோஸ் 2016இல் வெளியே வந்தார். 2020இல் அதிபர் டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2018இல் வந்த ‘முதல் படி’ சட்டப்படி, முந்தைய தீர்ப்பு இறுதியான பிறகு மீண்டும் அதே குற்றத்தைச் செய்தால்தான் அந்த 25 ஆண்டு. ஆனால், ஏற்கெனவே தண்டனை பெற்றவர்களுக்கு இந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் நீட்டிக்கவில்லை.