‘யெஸ்’ என்று தட்டும் முன்...

பிழைப்பு தேடி பெங்களூர், ஹைதராபாத், புனே என்று குடியேறிய நம் குடும்பங்களில், கணிப்பொறித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளையோ பெண்ணோ மருமகளோ இல்லாத வீடு அபூர்வம். ‘உனக்கு ஆபீசில் என்ன வேலை?’ என்று கேட்டால், ‘கிளவுட்’, ‘டெவ்ஆப்ஸ்’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் வரும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக ஓடும் அந்த வேலையில் அன்றாடம் கையாளப்படும் டெராஃபார்ம் என்னும் கருவியைப் பற்றித் தெரிந்து கொள்வோம்.

முன்பெல்லாம் நிறுவனங்கள் சர்வர் இயந்திரங்களை விலைக்கு வாங்கி, குளிர்சாதன அறையில் வைத்துப் பராமரித்தன. இப்போது அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்களிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். அமேசான் 2016ல் மும்பையிலும், 2022ல் ஹைதராபாத்திலும் இதற்கான மையங்களைத் திறந்தது. ஓர் இயந்திரம் வேண்டுமென்றால் திரையில் நாலு பொத்தானை அழுத்திப் பெறலாம். நூறு இயந்திரங்கள் என்றால், யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று யாருக்கு நினைவிருக்கும்?

இதற்குத் தீர்வாக, தேவையானதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதன்படி கருவியே கட்டித் தரும் முறை வந்தது. மிட்செல் ஹஷிமோட்டோ, அர்மான் தட்கர் இருவரும் தொடங்கிய ஹாஷிகார்ப் நிறுவனம் 2014ல் டெராஃபார்மை வெளியிட்டது. வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் வரைபடத்தைக் கொடுப்பது போலத்தான் இதுவும்.

தினசரி புழங்கும் கட்டளைகள் சிலவே. ‘இனிட்’ என்றால், அமேசான் போன்றவர்களுடன் பேசத் தேவையான துணை மென்பொருளை இறக்கிக் கொள்ளும். ‘ஃபிமிட்’ எழுத்தை ஒழுங்குபடுத்தும். ‘வேலிடேட்’ எழுதியதில் பிழை பார்க்கும். ‘பிளான்’ என்றால், எதையும் தொடாமல், செய்யப் போவதை மட்டும் பட்டியலிடும். ‘அப்ளை’ அதைச் செய்து முடிக்கும். ‘டிஸ்ட்ராய்’ கட்டியதை இடிக்கும்.

இவற்றில் உயிர்நாடி ‘பிளான்’தான். அதில் + என்றால் புதிதாக வருவது, - என்றால் அழிவது, ~ என்றால் இருந்த இடத்திலேயே மாறுவது. -/+ என்று இரண்டும் சேர்ந்து வந்தால், பழையதை இடித்து விட்டுப் புதிதாகக் கட்டப் போகிறது என்று பொருள். வெறும் இயந்திரம் என்றால் பாதகமில்லை. வாடிக்கையாளர் கணக்குகள் அடங்கிய டேட்டாபேஸ் என்றால்? கோப்பில் அதன் பெயரை மட்டும் மாற்றி எழுதினாலும், பழையது வேண்டாம், புதியது வேண்டும் என்று கருவி எடுத்துக் கொள்ளும். பெயர்தான் மாறியது என்று ‘மூவ்டு’ என்ற பகுதியில் எழுதிச் சொன்னால் இடிக்காது.

இதனால்தான் ‘அப்ளை’ செய்யும் முன் கருவி அனுமதி கேட்கிறது. ‘யெஸ்’ என்று முழு வார்த்தையும் தட்ட வேண்டும்; முதல் எழுத்து மட்டும் போதாது. முக்கியமானவற்றுக்கு ‘பிரிவென்ட் டிஸ்ட்ராய்’ என்று கோப்பிலேயே காவலும் போடலாம். ஆனால் அந்தப் பகுதியையே கோப்பிலிருந்து நீக்கி விட்டால் காவலும் கூடவே போய்விடும்.

இன்னொன்று, ‘ஸ்டேட்’ என்னும் கணக்குப் புத்தகம். தான் கட்டியதையெல்லாம் கருவி இதில்தான் குறித்து வைக்கிறது. கடவுச்சொற்கள்கூட இதில் மறைக்கப்படாமல் இருக்கக்கூடும். எனவே இதை மற்ற கோப்புகளோடு கலந்து எல்லோருக்கும் அனுப்பலாகாது. ஒரே நேரத்தில் இருவர் எழுதாதபடி பூட்டுடன் கூடிய பொது இடத்தில் வைப்பதே முறை.

வீட்டிலிருந்தபடி இதைக் கற்கும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. பயிற்சிக்காக எடுத்த இயந்திரமும் நிறுத்தும் வரை வாடகை ஏற்றிக் கொண்டே இருக்கும். அப்பாவின் கார்டைக் கொடுத்திருந்தால் மாதக் கடைசியில் வீட்டில் சண்டைதான்! செலவு இவ்வளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும்படி முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். பயிற்சி முடிந்ததும் ‘டிஸ்ட்ராய்’ கொடுத்து விட்டு எழுந்திருங்கள்.

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் உரிம விதிகளை இறுக்கியது. உடனே, பழைய திறந்த உரிமத்திலிருந்து கிளைத்த ‘ஓபன்டோஃபு’ லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவில் உருவாகி, 2024 ஜனவரியில் முதல் நிலையான பதிப்பைக் கண்டது. ஹாஷிகார்ப் 2025 பிப்ரவரியில் ஐபிஎம் வசம் போனது. அன்றாடக் கட்டளைகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேயானதால், ஒன்றைக் கற்றவர் மற்றதற்கு எளிதில் மாறலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ராத்திரி திரையை உற்றுப் பார்த்தபடி பிள்ளை சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தோன்றலாம். ‘பிளான்’ பட்டியலை வரி வரியாகப் படித்துக் கொண்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு இரண்டு நிமிடம் கழித்துக் கூப்பிடுங்கள். தோசை ஆறினால் இன்னொன்று வார்த்துக் கொள்ளலாம்.