'டாம்ப்' என்னும் சொல்

நெல்லுக்கோ நூலுக்கோ எழுதப்படும் சீட்டில் 'டாம்ப்' என்னும் ஆங்கிலச் சொல்லை அங்கத்தினர்கள் கண்டிருக்கலாம். அதன் பொருளை அறிந்துகொள்வது நமக்கு நலம் பயக்கும்.

இச்சொல் ஆதியில் ஆவியைக் குறித்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பற்றும் மீதேன் வாயுவை 'பயர்டாம்ப்' என்பது அதன் எச்சமாகும். இன்று பெயர்ச்சொல்லாக வருங்கால் சுவர் முதலியவற்றில் ஊறும் ஈரத்தைக் குறிக்கும். பெயரடையாக வருங்கால், 'டாம்ப் துணி' என்பது சொட்டச் சொட்ட நனைந்த துணியன்று. முற்றும் உலராத துணி. வினையாயின், ஈரமாக்குதலோடு தீயையோ ஒலியையோ தணித்தலையும் உணர்த்தும். நாற்றங்காலில் இளநாற்றுகள் அடி அழுகிச் சாயும் நோய்க்கும் 'டாம்பிங் ஆப்' என்றே பெயர்.

'மாய்ஸ்சர்' என்பதோ பெயர்ச்சொல் மட்டுமே. அளந்து கூறத்தக்க ஈரப்பதம் அது. மத்திய அரசின் நெல் கொள்முதல் தர விதியில் 17 சதவீதம் என வரம்பிட்டிருப்பது இதற்கே. பருத்தி நூலிலும் உலர்ந்த எடையின்மேல் 8.5 சதவீத ஈரத்தை வணிக உலகம் இயல்பென ஏற்கிறது.

ஆகவே, 'டாம்ப்' என்பது கை தொட்டுக் கூறும் கருத்து. 'மாய்ஸ்சர்' என்பது கருவி காட்டும் எண். கருத்தை மட்டும் எழுதி விலையைக் குறைத்தால், எண்ணையும் எழுதித் தருமாறு கேட்போமாக.