ஓதம் ஏறிய சுவரும் சுண்ணாம்பும்

நாகூரில் பழைய வீட்டை விற்பதென்று முடிவானதும் பலரும் முதலில் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். அடுத்த ஐப்பசி மழையில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பெயிண்ட் கொப்பளித்து உரியும். குறை பெயிண்டில் இல்லை. அந்தச் சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான்.

ஒருபக்கம் கடல், அருகிலேயே வெட்டாறு. நிலத்தடி ஈரத்தில் உப்பு இருக்கிறது. செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு எழுப்பிய சுவர்களில் நுண்துளைகள் நிறைய. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றின் வழியே உப்புநீர் மேலே ஏறுகிறது. இதைத்தான் ஓதம் என்கிறோம். நீர் காற்றில் ஆவியாகிவிட, உப்பு மட்டும் சுவரின் மேற்பரப்பில் படிகமாகிறது. துளைக்குள் வளரும் படிகம் பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளிப் பொரியவைக்கிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானே ஈரத்தை இழுத்துக் கரையும். வெயில் வந்தால் மறுபடி படிகமாகும். கடலோரச் சுவருக்கு ஆண்டு முழுவதும் இதே பாடு.

எமல்ஷனும் பட்டியும் அந்தத் துளைகளை அடைத்துவிடுவதால் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்டைத் தள்ளுகிறது. சிமென்ட் பூசினாலோ, ஈரம் அதற்குப் பின்னாலேயே ஏறி இன்னும் உயரத்தில் தலைகாட்டும்.

சுண்ணாம்பு அப்படியல்ல. கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ, இரண்டும் கால்சியம் கார்பனேட்தான். காளவாயில் சுமார் 900 டிகிரி சூட்டில் அதிலுள்ள கரியமில வாயு பிரிந்து சுட்ட சுண்ணாம்பு மிஞ்சுகிறது. தண்ணீரில் போட்டால் கொதித்து நீறும். அதைப் பாலாகக் கரைத்துச் சுவரில் அடிக்கும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி, மீண்டும் கல்லாகவே இறுகுகிறது. ஆனாலும் துளைகள் அடைபடுவதில்லை. அதன் கடுங்காரத்தில் பூஞ்சை எளிதில் பிழைக்காது. இத்தனைக்கும் செலவு, பெயிண்டுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான்.

அடிக்கும் முன் உப்பை ஈரமில்லாத பிரஷ்ஷால் தேய்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். பொரிந்த பூச்சைத் தட்டி எடுத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்த சாந்தால் ஒட்டுப்போடலாம். அதில் சிமென்ட் சேர்க்க வேண்டாம். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் கண்ணாடி அணியாமல் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். சில நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை லேசாக நனைத்துக்கொண்டு மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் இடைவெளி விட்டு. அடித்தவுடன் சுவரே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். கொளுத்தும் வெயிலில் அடித்தால் இறுகுமுன் உலர்ந்து கையில் மாவாக ஒட்டும். நன்றாகப் பிடிக்கட்டும் என்று சிலர் சுண்ணாம்பில் உப்புப் போடுவார்கள். ஏற்கெனவே உப்பு ஏறிய சுவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

இதற்கும் முன்பாக ஒரு வேலை உண்டு. ஓடு ஒழுகுகிறதா, முற்றத்துத் தண்ணீர் வழிந்தோடுகிறதா, சுவரோரம் கழிவுநீர் தேங்குகிறதா என்று பார்ப்பது. அதைச் சரிசெய்யாமல் எதை அடித்தும் பயனில்லை. விற்பனைக்கு ஆயத்தமாகக் கதவு நிலைகளுக்கு எண்ணெய் பூசி, தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு ஓதத்தைக் குணப்படுத்தாது. சுவர் உலர வழிவிடும், அவ்வளவே. ஆகவே வாங்க வருபவரிடம் எந்தச் சுவரில் ஓதம் இருக்கிறது, என்ன செய்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில். பட்டியும் எமல்ஷனும் போட்டு மூடிய ஓதம் அந்த வகைக் குறைதான். சுண்ணாம்பு இறுகச் சில வாரங்கள் ஆகும் என்பதால், மாசியில் அடித்துவிட்டுப் பங்குனியில் ஆட்களை வரச்சொல்வது நல்லது.