பீற்றா எச்.சி.ஜி.: ஒற்றை எண்ணின் பிழை

மருத்துவ ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்பவன் என்பதால், ரிப்போட் பார்க்கத் தெரிந்தவன் என்றொரு பெயர் எனக்கு ஊரில் உண்டு. அந்தப் பெயரை நம்பி வந்த ஒருவருக்கு நான் பிழையான பதில் சொன்னேன்.

மஃரிபுக்குப் பிறகு அயல்வீட்டு மாமி, மகளின் ரிப்போட்டோடு வந்தார்.

“மாசம் தவறிப் பத்து நாளாகுது தம்பி. இந்தக் கணக்கு நல்லமா எண்டு ஒருக்காப் பாருங்க.”

பீற்றா எச்.சி.ஜி. 640 என்றிருந்தது. தாளின் கீழே அச்சிட்டிருந்த அட்டவணையில் ஐந்தாம் வாரத்துக்கு 18 முதல் 7,340 வரை.

“அளவுக்குள்ளதான் இரிக்கி மாமி. பயப்பட ஒண்டுமில்ல.”

“அப்ப சரி. ரெண்டு நாளைக்குப் புறகு திரும்ப எடுக்கச் சென்னாரு டொக்டர். நீங்க நல்லம் எண்டா எதுக்கு இன்னொருக்காக் காசு?”

போய்விட்டார். அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது.

கரு பதியும்போது, பின்னர் சூல்வித்தகமாக வளரும் கலங்கள் சுரக்கும் ஓமோன் இது. 1920களின் இறுதியில் அஷ்ஹைமும் சொண்டெக்கும் பெண்ணின் சிறுநீரை இளம் சுண்டெலிகளுக்கு ஏற்றி, அவற்றின் சூலகத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பார்த்துக் கர்ப்பத்தை அறிந்தார்கள். அதில் கிடைத்த விடை ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மாத்திரமே. இன்று பாமசியில் வாங்கும் பட்டியும் அவ்வளவுதான் சொல்லும். அளவைச் சொல்லக் குருதிப் பரிசோதனை வேண்டும். எச்.சி.ஜி.யின் ஒரு பாதி, மூளையடிச் சுரப்பியின் எல்.எச். ஓமோனில் உள்ளதைப் போன்றதே. அதனால் ஒன்றை மற்றதென்று எண்ணிவிடும் சிக்கல் இருந்தது. வேறுபடும் மற்றப் பாதியான பீற்றாவை மாத்திரம் இனங்காணும் முறை 1972இல் வெளிவந்தது. ரிப்போட்டில் வரும் ‘பீற்றா’ அதுதான்.

அளவு துல்லியமானது. அதன் பொருளைத்தான் நாம் ஊகிக்கிறோம். 18க்கும் 7,340க்கும் இடையில் எந்த எண்ணும் விழும். நல்ல கர்ப்பமும் விழும், கெட்டுப்போகும் கர்ப்பமும் விழும். கரு எங்கே தங்கியிருக்கிறது என்பதையும் அந்த எண் சொல்லாது. ஆரம்ப வாரங்களில் பார்க்கவேண்டியது எண்ணின் நடை. நல்ல கர்ப்பத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அது ஏறத்தாழ இரட்டிக்கும். முதல் அளவு 1,500க்குக் குறைவென்றால், 48 மணித்தியாலத்தில் குறைந்தது 49 வீதமாவது கூடும் என்பதே இன்று வைத்தியர்கள் கொள்ளும் கணக்கு. 640 ஆக இருந்தது 950ஐத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு இயந்திரமும் சற்று வேறு எண்ணைக் காட்டும் என்பதால், இரண்டு தடவையும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுப்பது நல்லது.

சுபஹோடு மாமியின் வாசலில் நின்றேன். “நேத்து நான் சென்னது பிழை மாமி. கட்டாயம் திரும்ப எடுங்க” என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார்: “புள்ளைக்கு வலப்பக்க அடிவயிறு இழுக்குது எண்டாள். வாய்வாக்கும் எண்டு நினைச்சன்.”

பரிசோதனைக்கு நாள் பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே எடுத்த ஸ்கேனில் கருப்பைக்குள் ஒன்றும் தெரியவில்லை. வாட்டில் வைத்து, முதல் பரிசோதனை செய்த அதே இடத்தில் மீண்டும் பார்த்தபோது 780. கூடியது 22 வீதம். கரு பலோப்பியன் குழாயில் தங்கியிருந்தது. குழாய் வெடிக்கும் முன் சத்திரசிகிச்சை செய்தார்கள். பிள்ளை தங்கவில்லை, தாய் தப்பினாள்.

மெதுவாகக் கூடுவதெல்லாம் குழாய்க் கர்ப்பம் அல்ல. கருப்பைக்குள்ளேயே கலையப்போகும் கர்ப்பமாகவும் இருக்கலாம். சில குழாய்க் கர்ப்பங்களில் எண் ஒழுங்காகவே கூடி ஏமாற்றும். எட்டு முதல் பத்து வாரமளவில் உச்சத்தை அடைந்த பின் அளவு தானாகவே குறையும்; அந்தக் குறைவைக் கண்டு பயப்படவும் கூடாது. ஆகவே எண்ணை ஸ்கேனோடும் நோவோடும் சேர்த்து வைத்தியரே வாசிக்க வேண்டும். ஒருபக்க வயிற்றுவலி, இரத்தப்போக்கு, தோள்மூட்டில் நோவு, மயக்கம் – இவற்றில் ஒன்று இருந்தாலும் ரிப்போட்டுக்குக் காத்திருக்கவேண்டாம்.

இப்போதும் ரிப்போட்டோடு வருகிறார்கள். நான் முதலில் கேட்பது, “புள்ளைக்கு எங்கயாவது நோகுதா?” பிறகு, “மற்ற ரிப்போட் எங்க?”