கப்பை, குடம்புளி, இரும்பன் புளி: நம் அடுக்களையில் இருக்கும் தாவர வேதிப்பொருள்கள்

கழக்கூட்டத்துக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பம் எதுவானாலும் முதல் வாரத்திலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். ஹோட்டலில் போய் உட்கார்ந்தால் டம்ளரில் இளஞ்சிவப்பாக வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்களே, இது என்ன, குடிக்கலாமா? 1990இல் டெக்னோபார்க் தொடங்கிய பிறகு நெல்லை, மதுரை, கோவை, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்த நம்மவர்களில் இந்தக் கேள்வியைக் கேட்காதவர் குறைவு. அது பதிமுகம் என்னும் மரத்தின் வைரக்கட்டைச் சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். சிவப்பு நிறம் தருவது பிரேசிலின் என்கிற பொருள். ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்ற இந்தக் கட்டை கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது. இதே மாதிரிச் சாயக்கட்டை கிடைத்த காரணத்தால்தான் தென் அமெரிக்காவில் ஒரு நாட்டுக்கே பிரேசில் என்று பெயர் வந்தது.

பதிமுகம் இரத்தத்தைச் சுத்தம் செய்யும், சர்க்கரையைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குழாயிலும் எலியிலும், பிரேசிலின் சில நல்ல குணங்களைக் காட்டியிருப்பது உண்மை. ஆனால் ஒரு சிட்டிகை சீவல் போட்ட தண்ணீர் மனித உடம்பில் அதையெல்லாம் செய்யும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. என்னைக் கேட்டால் அந்தத் தண்ணீரில் கிடைக்கிற பெரிய நன்மை அது கொதித்த தண்ணீர் என்பதுதான். நிறத்தைப் பார்த்தாலே காய்ச்சியது என்று தெரிந்துவிடுகிறதே, அது சின்ன விஷயமா!

இப்படி ஒவ்வொரு காய்க்கும் கிழங்குக்கும் பொடிக்கும் ஒரு மருத்துவப் பெருமை சொல்லப்படுகிற காலம் இது. அதில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செடிக்குக் கால் கிடையாது. புழு கடித்தாலும் பூஞ்சை பிடித்தாலும் ஆடு மேய்ந்தாலும் ஓட முடியாது. அதனால் கசப்பு, புளிப்பு, காரம், துவர்ப்பு, நாற்றம் என்று தற்காப்புக்கான இரசாயனங்களைத் தானே தயாரித்து வைத்துக்கொள்கிறது. வெயிலைத் தாங்கவும் வண்டை அழைக்கவும் நிறங்களைச் செய்துகொள்கிறது. மஞ்சளின் குர்குமின், மிளகின் பைப்பரின், தேயிலையின் டானின் எல்லாம் இந்த வகைதான். இவை வைட்டமின்கள் அல்ல. கிடைக்காவிட்டால் குறைபாட்டு நோய் எதுவும் வராது. கொஞ்சமாகச் சாப்பிட்டால் பலவும் நமக்கு நல்லதே செய்கின்றன. ஆனால் அவை நமக்காகத் தயாரிக்கப்பட்டவை இல்லீங்க. அளவு, சமைக்கும் முறை, கூடச் சாப்பிடும் உணவு இந்த மூன்றையும் பொறுத்துத்தான் அவை நம்மிடம் நடந்துகொள்ளும்.

இதற்கு மரச்சீனியை விடச் சிறந்த உதாரணம் கிடையாது. கன்னியாகுமரிப் பக்கத்தார் மரச்சீனி என்பார்கள், சேலத்தார் குச்சிக்கிழங்கு என்பார்கள், மற்றவர்களுக்கு மரவள்ளி, இங்கே கப்பை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தக் கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரில் 1942இல் பர்மா அரிசி நின்றுபோனபோது இந்தச் சீமையின் வயிற்றைக் காப்பாற்றியது இதுதான். கழக்கூட்டத்திலிருந்து நகரத்துக்குப் போகிற பழைய சாலையில் ஸ்ரீகாரியம் வருமல்லவா, அங்கேதான் மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. நம்ம ஊர் ஜவ்வரிசிக்குப் பெயர் வாங்கித் தந்த சேலம், நாமக்கல் வட்டாரத்தில் பரவலாக விளையும் எச் 226 என்ற இரகம் இந்த நிலையம் தந்ததே. வாசலைத் தாண்டிப் பஸ்ஸில் போகும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

மரச்சீனியின் தற்காப்பு ஆயுதம் லினமாரின் என்ற சர்க்கரைப் பொருள். கிழங்கு முழுசாக இருக்கிறவரை அது சும்மா கிடக்கும். பூச்சி கடித்தாலும் நாம் வெட்டினாலும் செல் உடையும். தனி அறையில் இருந்த ஒரு நொதி அதோடு கலக்கும். கடைசியில் வெளிவருவது சயனைடு. பயந்துவிட வேண்டாம். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், லினமாரினும் தண்ணீரில் கரையும். அதனால்தான் நம் பாட்டிமார் கிழங்கைச் சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார்கள். துண்டு சிறியதாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால் நஞ்சு கூடுதலாக வெளியேறும் என்பதை ஆய்வுகளும் காட்டிவிட்டன. ஆவியில் அவித்தாலோ சுட்டாலோ எண்ணெயில் பொரித்தாலோ அது பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். சமையலுக்குச் சந்தையில் வருகிறவை பெரும்பாலும் நஞ்சு குறைந்த இனிப்பு இரகங்கள் என்பதால் சிப்ஸ் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் குக்கரில் பெரிய பெரிய துண்டாகப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு விசில் வைத்து, அந்தத் தண்ணீரோடேயே மசித்து விடுகிற புதுப் பழக்கம் எனக்குச் சம்மதமில்லை. நேரம் மிச்சம்தான், ஆனால் வடிகட்டும் வேலைதான் அங்கே முக்கியமான வேலை.

இன்னொரு சூட்சுமம் தட்டில் இருக்கிறது. மிஞ்சி உள்ளே போகிற சிறிதளவு சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றி, சிறுநீரில் வெளியே அனுப்பிவிடும். அந்த வேலைக்குக் கந்தகம் வேண்டும். கந்தகம் வருவது நல்ல புரதத்திலிருந்து. கப்பையும் மீன்கறியும் என்று மலையாளிகள் ஜோடி சேர்த்தது ருசிக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மீன் சாப்பிடாதவர்கள் தயிரோ மோரோ பயறோ சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவில் கான்ஸோ என்று ஒரு நோய் உண்டு. பஞ்ச காலத்தில் கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைக்காமல், கூடப் புரதமும் இல்லாமல், வாரக்கணக்கில் அதையே தின்ற ஏழைகளுக்கு இரண்டு காலும் விறைத்து நடக்க முடியாமல் போய்விடும். 1981இல் மொசாம்பிக்கில் ஆயிரம் பேருக்கு மேல் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள். அதே கிழங்கைத்தான் நாமும் தின்கிறோம்.

கேரளத்திலும் ஒரு காலத்தில் மரச்சீனி மேல் பெரிய சந்தேகம் விழுந்தது. ஏழை இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் உண்டாகி, அதனால் சர்க்கரை நோய் வருவதை டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ் தொடர்ந்து ஆராய்ந்து எழுதினார். மரச்சீனியின் சயனைடுதான் காரணமாக இருக்கலாம் என்று 1979இல் அவரும் ஒரு வெளிநாட்டு ஆய்வாளரும் கருத்துச் சொன்னார்கள். பிற்பாடு கிழங்கே சாப்பிடாத ஊர்களிலும் அந்த நோய் காணப்பட்டது. மரபணுக் கோளாறு ஒன்றுக்கும் அதில் பங்கு இருப்பது தெரிந்தது. மரச்சீனி மேலிருந்த குற்றச்சாட்டு ஏறக்குறைய விலகிவிட்டது.

அடுத்து குடம்புளி. கறுத்துச் சுருங்கி, புகையில் காய்ந்த இந்தப் புளியைப் பார்த்து நம் பெண்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். பிறகு மீன் குழம்புக்கு அதை விட்டால் வேறு புளி வேண்டாம் என்பார்கள். இதன் புளிப்புக்குக் காரணமான ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலத்தை 1965இல் இனம் கண்டு சொன்னவர்கள் மைசூர் மத்திய உணவு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிஸும் நீலகண்டனும். கொழுப்பு உண்டாகும் பாதையில் ஒரு நொதியை இது தடுக்கிறது என்று தெரிந்ததும் மேல்நாட்டுக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. உடம்பு இளைக்க கார்சீனியா மாத்திரை! 1998இல் அமெரிக்காவில் 135 பேருக்குப் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களை விட எடை ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. போதாக்குறைக்கு, இந்தச் சாறு கலந்த மாத்திரைகளைத் தின்ற சிலருக்குக் கல்லீரல் கெட்டுப்போன செய்திகளும் வந்தன. மீன் குழம்பில் இரண்டு சுளை குடம்புளி போட்டதால் கல்லீரல் கெட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

இனி, இந்தக் கட்டுரையை எழுத முக்கிய காரணமான இரும்பன் புளிக்கு வருகிறேன். இலும்பிப் புளி என்றும் சொல்வார்கள். மரத்தின் தண்டிலேயே கொத்துக் கொத்தாக, விரல் நீளத்துக்குப் பச்சையாகத் தொங்கும். இங்கே பழைய வீடுகளின் கொல்லையில் அநேகமாக ஒரு மரம் நிற்கும். ஊறுகாய் போடலாம், மீனில் போடலாம், வெள்ளிப் பாத்திரமும் தேய்க்கலாம். வாடகை வீட்டில் அந்த மரம் இருந்தால் பக்கத்து வீட்டுச் சேச்சி அன்போடு ஒரு யோசனை சொல்வார்: "கொலஸ்டிராலுக்கு நல்லது, சாறு எடுத்துக் காலையில் வெறும் வயிற்றில் குடிங்க." ஆபீஸில் வருஷா வருஷம் மெடிக்கல் செக்கப், ரிப்போர்ட்டில் கொலஸ்டிரால் சிவப்பு எழுத்தில். மாத்திரை என்றால் கெமிக்கல், வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று பயம். காய் என்றால் இயற்கை. நம்மவர்களும் குடிக்கிறார்கள்.

தயவு செய்து குடிக்காதீர்கள். அந்தக் காயில் ஆக்சாலிக் அமிலம் மிகவும் அதிகம். கறியில் இரண்டு காய் போட்டால் தேங்காயும் மீனும் சோறும் கலந்து, அளவும் குறைந்து, உடம்பு சமாளித்துக்கொள்ளும். பத்துப் பதினைந்து காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடித்தால், தடுத்துப் பிடிக்க வேறு உணவு இல்லாமல் ஆக்சலேட் அப்படியே இரத்தத்துக்கு ஏறி, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஊசி ஊசியாகப் படிகமாகும். சிறுநீரகம் வேலையை நிறுத்திவிடும். கேரள மருத்துவர்கள் 2013இல் இப்படிச் சாறு குடித்துச் சிறுநீரகம் பழுதான பத்து பேரைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. கொலஸ்டிரால் குறையட்டும் என்று நல்லெண்ணத்தில் குடித்த சாறு! ஏற்கெனவே சர்க்கரை, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். குடித்த பிறகு வயிற்று வலி, வாந்தி, இடுப்பு வலி வந்து சிறுநீர் குறைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடித்தீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இதன் சகோதரக் காயான நட்சத்திரப் பழமும் சிறுநீரக நோயாளிகளுக்கு ஆகவே ஆகாது. அவர்களுக்கு அது மூளையையே தாக்கும். கொலஸ்டிராலுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கொல்லையில் மருந்து தேட வேண்டாம்.

மஞ்சளைப் பற்றி எழுதாமல் விட்டால் கோபித்துக்கொள்வீர்கள். மஞ்சள்தூளில் குர்குமின் ஏறத்தாழ மூன்று சதவீதம்தான். அதுவும் குடலில் சரியாக ஏறாது. 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் இரண்டு கிராம் குர்குமினோடு இருபது மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது அது இரத்தத்தில் ஏறுவது இருபது மடங்கு கூடியது. பார்த்தீர்களா, நம் மிளகு ரசமும் மஞ்சள் மிளகுப் பாலும் அறிவியல்தான் என்று உடனே மேடையில் பேசினார்கள். பேசட்டும். ஆனால் இரண்டு கிராம் குர்குமின் என்றால் ஏறத்தாழ எழுபது கிராம் மஞ்சள்தூள். எந்த ரசத்தில் அவ்வளவு போடுவோம்? அந்த அளவை மிளகுச் சத்தும் சேர்த்து மாத்திரையாக்கி விற்கத் தொடங்கிய பிறகு வேறு சேதி வந்தது. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்து பேரைப் பற்றிய அமெரிக்க ஆய்வு 2022இல் வெளியானது. ஒருவர் இறந்துபோனார். பாதிக்கப்பட்டவர்களில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. நம்மில் யாரிடம் அது இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா? குழம்பில் போடும் மஞ்சளுக்கு யாரும் பயப்பட வேண்டாம். மாத்திரைப் புட்டியைத்தான் யோசித்து வாங்க வேண்டும்.

காரட்டுக்கு நிறம் தரும், கீரையிலும் இருக்கும் கரோட்டினிலும் இதே கதைதான். காய்கறியாக நிறையச் சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருந்ததைப் பார்த்து, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் இருபத்தொன்பதாயிரம் பேரை வைத்து பீட்டா கரோட்டின் மாத்திரையைச் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது.

சாப்பாட்டிலேயே வேண்டியதை எப்படிப் பெறுவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு மூன்று சிறு யோசனை. சாப்பிட்ட கையோடு சாயா, காபி குடிக்கும் பழக்கத்தை மாற்றி ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தேயிலையின் டானின் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தசோகை உள்ள நம் பெண்களுக்கு இது ரொம்ப முக்கியம். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். பூண்டை நசுக்கி உடனே எண்ணெயில் போடாமல் பத்து நிமிஷம் வைத்திருங்கள். நசுக்கிய பிறகுதான் அதன் நல்ல பொருள் உருவாகவே தொடங்கும்.

ஸ்ரீகாரியம் கிழங்கு நிலையம் சர்க்கரைவள்ளியிலும் இரண்டு புது இரகங்களைத் தந்திருக்கிறது. பூ சோனா உள்ளே ஆரஞ்சு நிறம், நூறு கிராமில் பதினான்கு மில்லிகிராம் அளவுக்கு பீட்டா கரோட்டின். பூ கிருஷ்ணா உள்ளே கத்தரிப்பூ நிறம், நாவற்பழத்தில் இருக்கிற ஆந்தோசயனின் அதிலும் உண்டு. கடையில் உள்சதை ஆரஞ்சாக இருக்கும் சர்க்கரைவள்ளி கண்ணில் பட்டால் விடாதீர்கள். தோலோடு வேகவைத்து, உரித்து, கொஞ்சம் தேங்காய்த்துருவலோ நெய்யோ சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். கொழுப்பு கொஞ்சமாவது கூட இருந்தால்தான் கரோட்டின் உடம்பில் ஏறும்.