சோற்றுக் கணக்கு – 7: ஐந்து சொம்புத் தண்ணீர்

"ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணி குடிப்பீங்கம்மா?"

"லிட்டரு கணக்கெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி? சொம்புக் கணக்கு கேளு, சொல்றேன்."

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், களையெடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் சொம்பை வாங்கி அளந்தேன். விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் சொம்பு. 800 மில்லி பிடித்தது. வெயில் நாளில் ஐந்து சொம்பு குடிப்பாராம். ஆக, 4 லிட்டர்.

உணவு வழியே உடலுக்குள் போகும் நச்சை அளக்கும் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. அரிசியில் எவ்வளவு ஆர்சனிக், கிணற்றில் எவ்வளவு நைட்ரேட் என்பதை ஆய்வகம் சொல்லிவிடும். யார் எவ்வளவு சாப்பிடுகிறார் என்பது அடுப்படியில்தான் தெரியும். அதனால்தான் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கெடுப்புகளில் அளவுக் கிண்ணங்களைக் காட்டி, நேற்று சாப்பிட்டது எவ்வளவு என்று கேட்கிறார்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால், ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடும் ஒவ்வொன்றிலும் அதே அளவு இன்னொரு பங்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். குழம்பு, மோர், நடுவில் குடித்த டீ எதுவும் விடுபடக் கூடாது. நச்சின் அளவை உண்ட அளவால் பெருக்கி, உடல் எடையால் வகுத்தால் விடை.

அந்த அம்மாவுக்கே போட்டுப் பார்ப்போம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் இருக்கலாம். கிணறு சரியாக அந்த வரம்பில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டரில் 180 மி.கி. ஆயுள் முழுக்கத் தினமும் உண்டாலும் தீங்கில்லை என்று சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 3.7 மி.கி. 50 கிலோ எடைக்கு 185. கிணறு தேறிவிட்டது. அவருக்கோ மிச்சம் 5 மி.கி.தான். சோறும் கீரையும் இன்னும் தட்டுக்கே வரவில்லை.

அதற்காகக் கீரையை நிறுத்த வேண்டாம். அதில் நைட்ரேட் அதிகம்தான். கூடவே இருக்கும் வைட்டமின் சி, அது தீங்கான பொருளாக மாறாமல் தடுக்க உதவுகிறது. கவலை தண்ணீரைப் பற்றியது. யூரியாவும் எருக்குழியும் கழிப்பறைக் குழியும் நிலத்தடிக்கு அனுப்பும் நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவுதான் கூடும். அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாவைக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

அரிசியிலும் இதே கதைதான். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.2 மி.கி. கனிம ஆர்சனிக் என்பது சர்வதேச உச்சவரம்பு. அந்த வரம்பில் உள்ள அரிசியில் நாளுக்கு 100 கிராம் சமைத்து உண்பவருக்கு 20 மைக்ரோகிராம். மூன்று வேளையும் சோறே உண்டு 400 கிராம் தீர்ப்பவருக்கு 80. ஒரே மூட்டை அரிசிதான். வயலில் உழைப்பவர் உடம்புக்கு நாலு மடங்கு போகிறது.

ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதியை 919, 921ஆம் ஆண்டுகளில் கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். மார்ச் 22, தண்ணீர் தின கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: எங்கள் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு? குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் அதைச் சோதிக்கலாம். அந்த எண்ணை வாங்கி வந்து, உங்கள் வீட்டுச் சொம்பால் பெருக்கிப் பாருங்கள்.

(அடுத்த வாரம்: வடித்த சோறும் குக்கர் சோறும்)